மின்ஸ் பை: நவம்பரில் பூரணம், டிசம்பரில் பை

மின்ஸ் என்றால் கொத்துக்கறி ஆயிற்றே, மின்ஸ் பைக்குள் கறி இருக்கிறதா என்று ஒருமுறையாவது கேட்காத தமிழரை இங்கிலாந்தில் பார்ப்பது கஷ்டம். டிசம்பர் பிறந்ததுமே அலுவலகத்தில், பிள்ளைகளின் பள்ளி விழாவில், பக்கத்து வீட்டில் என்று தட்டில் வைத்து நீட்டுவார்கள். மாவு மேலோட்டுக்குள் இனிப்புப் பூரணம் வைத்துச் சுட்ட, உள்ளங்கையில் அடங்குகிற சின்னக் கிறிஸ்துமஸ் பலகாரம். மேலே நட்சத்திர மூடி, அதன்மேல் தூவிய பொடிச் சர்க்கரை. இன்றைய மின்ஸ் பையில் கறி கிடையாது. ஆனால் கொழுப்பு இருக்கலாம். ஆப்பிள், உலர் திராட்சை, சர்க்கரை, மசாலா, பிராந்தி இவற்றோடு சூயட் என்ற மாட்டுக் கொழுப்பும் சேர்ப்பதுதான் மரபு. சைவர்கள், மாட்டிறைச்சி ஒதுக்குபவர்கள், ஹலால் பார்ப்பவர்கள் எல்லாருமே கேட்டுச் சாப்பிட வேண்டிய பண்டம் இது. வீட்டிலேயே செய்தால் உள்ளே என்ன போகிறது என்பது நம் கையில்.

ஒரு காலத்தில் உண்மையிலேயே கறி இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் ஆட்டுக்கறியோ மாட்டு நாக்கோ பொடியாகக் கொத்தி, கொழுப்பும் திராட்சையும் மசாலாவும் கலந்து பெரிய பெரிய பைகளாகச் சுட்டார்கள். லண்டனில் கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பீப்ஸ், 1662 ஜனவரி 6ஆம் தேதி கடற்படைத் தளபதி வில்லியம் பென் வீட்டு விருந்தில் ஒரே தட்டில் 18 மின்ஸ் பைகளைப் பார்த்ததாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பென்னுக்குக் கல்யாணமாகி அத்தனை வருஷம், அதனால் அத்தனை பை. அப்புறம் சர்க்கரை மலிந்தது, இனிப்பு கூடியது, கறி மெல்ல மெல்ல நழுவியது. 1861இல் வந்த இசபெல்லா பீட்டனின் சமையல் குறிப்புகளில் மாட்டிறைச்சி போட்ட பூரணம் ஒன்று, போடாத பூரணம் ஒன்று என்று இரண்டுமே இருக்கின்றன. கடைசியில் கறி போய்விட்டது, கொழுப்பு மட்டும் தங்கிவிட்டது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட ஆலிவர் குரோம்வெல் மின்ஸ் பையைத் தடை செய்தார் என்று டிசம்பர்தோறும் யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள். 1647இல் நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ் பண்டிகையையே ஒழித்தது உண்மை. பைக்கென்று தனியாக ஒரு சட்டமும் போடவில்லை.

சரி, செய்முறைக்கு வருவோம். இதில் இரண்டு வேலை இருக்கிறது, இரண்டும் இரண்டு குணம். மின்ஸ்மீட் என்கிற பூரணத்துக்குப் பொறுமை வேண்டும். நவம்பர் நடுவில் செய்து பாட்டிலில் அடைத்துவிட்டால் டிசம்பருக்குள் தானாகப் பக்குவமாகிவிடும். மேலோட்டுக்கான பேஸ்ட்ரி மாவுக்கு நேர் எதிராக வேகமும் குளிர்ச்சியும் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பவர்கள்தான் பெரும்பாலும் அலுத்துப்போய், அடுத்த வருஷம் கடையில் வாங்கிக்கொள்கிறார்கள்.

பூரணத்துக்கு வேண்டியவை

கீழே சொல்லும் அளவுக்கு 350 கிராம் பிடிக்கும் பாட்டில் மூன்றிலிருந்து நான்கு வரை நிறையும். ஒரு பாட்டில் ஏறக்குறைய 12 பைக்குக் காணும்.

பிராம்லி ஆப்பிள் 250 கிராம்
கரண்ட் எனப்படும் குட்டிக் கறுப்பு திராட்சை 200 கிராம்
கறுப்பு உலர் திராட்சை 150 கிராம்
சுல்தானா, அதாவது வெளிர்நிற உலர் திராட்சை 150 கிராம்
பாகில் ஊறிய ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் 100 கிராம்
துருவிய சூயட் 120 கிராம்
கரும்பழுப்புச் சர்க்கரை 200 கிராம்
சீவிய பாதாம் ஒரு கைப்பிடி
ஆரஞ்சு 1, எலுமிச்சை 1
மிக்ஸ்டு ஸ்பைஸ் 2 தேக்கரண்டி, ஜாதிக்காய் கால் பங்கு துருவியது
பிராந்தி 4 மேசைக்கரண்டி

பிராம்லி என்பது இங்கிலாந்தின் சமையல் ஆப்பிள். நாட்டிங்ஹாம்ஷயரில் சௌத்வெல் என்ற ஊரில் 1809இல் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி நட்ட விதையிலிருந்து வந்த மரம் அது. பச்சையாகக் கடித்தால் பல் கூசும், வெந்ததும் குழைந்துபோகும். இத்தனை திராட்சைக்கும் சர்க்கரைக்கும் நடுவே அந்தப் புளிப்புதான் பூரணத்தைத் திகட்டாமல் காப்பாற்றுகிறது. கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் புளிப்பான பச்சை ஆப்பிளைப் போடலாம். சிவப்பு இனிப்பு ஆப்பிள் மட்டும் வேண்டாம்.

பாகில் ஊறிய ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலுக்குப் பதிலாக டூட்டி ஃப்ரூட்டி போடலாமா என்று சிலர் கேட்பார்கள். அது சாயம் ஏற்றிய பப்பாளிக்காய். இனிப்பைத் தவிர ஒன்றும் தராது. ஆரஞ்சுத் தோலின் கசப்பு இங்கே கட்டாயம் வேண்டும். பாகில் ஊறிய தோல் கிடைக்காவிட்டால் இன்னொரு ஆரஞ்சின் தோலைத் துருவிச் சேர்த்துக்கொள்ளுங்கள். மெழுகு பூசாத பழமாகப் பார்த்து வாங்குங்கள். மெழுகு பூசியதுதான் கிடைத்ததென்றால் வெந்நீரில் தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டுத் துருவுங்கள்.

மிக்ஸ்டு ஸ்பைஸ் இங்குள்ள எல்லாக் கடையிலும் கிடைக்கும் இனிப்பு மசாலா. பட்டை, ஜாதிக்காய், கிராம்பு, ஆல்ஸ்பைஸ், சுக்கு எல்லாம் இருக்கும். கொத்தமல்லி விதைகூட இருக்கும், பொட்டலத்தைத் திருப்பிப் படித்தால் தெரியும். லண்டனில் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ இருப்பவர்களுக்கு வசதி: தமிழ்க் கடையில் முழுப் பட்டை, கிராம்பு, ஜாதிபத்திரி வாங்கி வீட்டிலேயே பொடித்துக்கொள்ளலாம். பட்டை மூன்று பங்கென்றால் கிராம்பு அரைப் பங்குக்கு மேல் போக வேண்டாம். கிராம்பு கூடினால் பல்வலித் தைல வாசனைதான் வரும்.

சூயட் விஷயம் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றி இருக்கும் கெட்டிக் கொழுப்பு அது. வெண்ணெய் வாயில் வைத்தாலே உருகிவிடும். சூயட் உருக அதைவிட நல்ல சூடு வேண்டும். அந்தக் குணத்தால்தான் அது ஆறியதும் இறுகி, ஒவ்வொரு பழத்துண்டின் மேலும் மெல்லிய போர்வையாக நின்று கெடாமல் காக்கிறது. மாட்டுக் கொழுப்பு வேண்டாதவர்களுக்கு வெஜிடபிள் சூயட் என்றே தனியாக விற்கிறார்கள். பெரும்பாலும் பாமாயிலில் செய்தது. வேலை அதேபோல் நடக்கும், ருசியில் வித்தியாசம் தெரியாது என்றே சொல்வேன். இரண்டு வகையிலும் துகள்கள் ஒட்டாமலிருக்க மாவு கலந்திருப்பார்கள், கோதுமை ஆகாதவர்கள் பார்த்து வாங்குங்கள். எதுவுமே கிடைக்காவிட்டால் உறையவைத்த வெண்ணெயைத் துருவிப் போடலாம். ருசி நன்றாகவே இருக்கும், ஆனால் அந்தப் பூரணத்தை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

பிராந்தி வேண்டாமென்றால் அதே அளவு ஆரஞ்சுச் சாறோ, ஆறிய கெட்டிக் கறுப்புத் தேநீரோ ஊற்றுங்கள். நான் தேநீர் பக்கம். சாறு சேர்ந்தால் இனிப்பு மேலும் ஏறுகிறது. இதையும் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும், கெடுவும் அதே இரண்டு வாரம்தான்.

ஊறவைத்து, உருக்கி, ஆறவைத்து

ஆப்பிளின் விதைப்பகுதியை நீக்கிவிட்டுத் தோலோடு மிகப் பொடியாக நறுக்குங்கள். ஒரு துண்டு திராட்சையைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. பெரிய துண்டு இருந்தால் பையின் மூடி சரியாக உட்காராது. பிராந்தி தவிர எல்லாவற்றையும் பெரிய பாத்திரத்தில் கொட்டி, ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலைத் துருவிப் போட்டு, சாற்றையும் பிழிந்து நன்றாகக் கிளறுங்கள். வலப்பக்கமாகத்தான் கிளற வேண்டும், இல்லாவிட்டால் அதிர்ஷ்டம் போய்விடும் என்பது இங்கத்திய நம்பிக்கை. செலவில்லாத காரியம், அப்படியே கிளறிவிட்டுப் போங்கள். ஒரு துணியால் மூடி இரவு முழுக்க வைத்துவிடுங்கள்.

காலையில் பார்த்தால் சர்க்கரை கரைந்து அடியில் கறுப்பாகச் சாறு கோத்திருக்கும்; திராட்சை கொஞ்சம் பருத்திருக்கும். பழைய காலத்தில் இதை இப்படியே பாட்டிலில் அடைத்தார்கள். அதில் ஒரு சிக்கல்: ஆப்பிள் ஈரம் விட்டு, சில வாரங்களில் நொதித்துப் பொங்கக்கூடும். அதனால் ஓவனை 120 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, பாத்திரத்தை அலுமினியத் தாளால் தளர்வாக மூடி, மூன்று மணி நேரம் உள்ளே வைத்துவிடுங்கள். வீடு முழுக்க வாசனை வரும். அது சும்மா கிடைக்கும் லாபம்.

வெளியே எடுத்ததும் முதல்முறை செய்கிறவர்கள் பயந்துவிடுவார்கள். பழமெல்லாம் கொழுப்பில் மிதக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். வடித்துவிடாதீர்கள். ஆற ஆற அரைமணிக்கொருமுறை கிளறிக்கொடுங்கள். முதலில் எண்ணெயாக மினுங்கும், பிறகு கரண்டியில் மங்கலாகப் படியும், கடைசியில் பழத்துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்துப் பளபளவென்று நிற்கும். கிளறாமல் விட்டால் கொழுப்பு தனியாக மேலே வெள்ளை ஆடையாக உறைந்துவிடும். முழுவதும் ஆறிய பிறகுதான் பிராந்தி ஊற்ற வேண்டும். சூட்டில் ஊற்றினால் சாராயம் ஆவியாகப் போய்விடும்.

பாட்டில்களைச் சோப்பு வெந்நீரில் கழுவி, ஈரத்தோடு 140 டிகிரி ஓவனில் 15 நிமிடம் வைத்து எடுங்கள். மூடிகளைத் தனியாகக் கொதிக்கவையுங்கள். நடுவில் காற்று தங்காமல் கரண்டியால் அழுத்தி அடைத்து, இருட்டான குளிர்ந்த அலமாரியில் வையுங்கள். இரண்டு வாரமாவது தொடக் கூடாது. பிராந்தியும் சூயட்டும் சரியாகச் சேர்ந்த பூரணம் ஆறு மாதம் தாங்கும்; திறந்துவிட்டால் ஃபிரிட்ஜ்தான்.

இத்தனைக்கும் நேரமில்லை, கடையில் விற்கும் பூரணத்தை வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். ஆனால் அது வெறும் இனிப்பாக இருக்கும். ஒரு பாட்டிலுக்குப் பாதி பிராம்லி ஆப்பிளைத் துருவிப் பிழிந்து சேர்த்து, ஆரஞ்சுத் தோல் துருவலும் ஒரு கரண்டி பிராந்தியும் விட்டுக் கலந்தால் ஆளே மாறிவிடும். ஆப்பிள் சேர்த்ததை அன்றைக்கே பயன்படுத்திவிடுங்கள்.

பேஸ்ட்ரி: கை குளிர்ந்திருக்கட்டும்

12 பைக்கு மைதா 225 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 125 கிராம், பொடிச் சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, சிட்டிகை உப்பு, ஒரு முட்டையின் மஞ்சள் கரு, ஐஸ் தண்ணீர் ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி. இங்கிலாந்தில் பிளெயின் ஃப்ளவர் என்று பார்த்து வாங்குங்கள். செல்ஃப் ரெய்சிங் வகையில் சோடா மாவு சமாச்சாரம் சேர்ந்திருக்கும். மூடி உப்பிக் கோணிக்கொள்ளும்.

வெண்ணெய் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வேகத்தில் இருக்க வேண்டும். சிறு கட்டிகளாக நறுக்கி மாவில் போட்டு, விரல் நுனியால் மட்டும் தேய்த்துத் தேய்த்து உதிர்த்துவிடுங்கள். உள்ளங்கை படக் கூடாது, அங்கேதான் சூடு அதிகம். புட்டு மாவுப் பதம் வந்தால் நிறுத்துங்கள்: பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். பிறகு மஞ்சள் கருவையும் ஒரு கரண்டி ஐஸ் தண்ணீரையும் சேர்த்து ஒரு கத்தியால் கிளறுங்கள். அங்கங்கே திரள ஆரம்பித்ததும் கையால் கூட்டி ஒரே உருண்டையாக்குங்கள். உலர்ந்த மாவு மிச்சமிருந்தால் மட்டும் இன்னொரு கரண்டி தண்ணீர்.

சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கை இங்கேதான் கட்டுப்பட மறுக்கும். மாவைக் கண்டதும் அழுத்தி இழுத்துப் பிசையத் தோன்றும். பிசைந்தால் மாவிலுள்ள குளூட்டன் இழைபிடிக்கும்; சுடும்போது பேஸ்ட்ரி சுருங்கி, குழியின் விளிம்பிலிருந்து கீழே இறங்கி, கடித்தால் விறைப்பாக இருக்கும். நமக்கு வேண்டியது இழுவை இல்லாத, பொலபொலவென்று உதிரும் மேலோடு. உருண்டை கொஞ்சம் வெடிப்போடு இருந்தாலும் பரவாயில்லை. தட்டையாக அமுக்கி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். இந்த அரைமணியைக் குறைக்காதீர்கள். வெண்ணெய் திரும்ப இறுகுவதும் இழைபிடித்த கொஞ்சநஞ்ச குளூட்டன் தளர்வதும் அப்போதுதான்.

திரட்டி, வெட்டி, நிரப்பி

ஓவனை 200 டிகிரிக்கு வையுங்கள். விசிறி ஓடும் ஓவன் என்றால் 180 போதும், கேஸ் என்றால் 6ஆம் எண். உள்ளே ஒரு கனமான தட்டையும் சேர்த்தே சூடாக்கிவிடுங்கள். பைத் தட்டை அந்தச் சூட்டுத் தட்டின்மேல் வைத்தால்தான் அடிப்பாகம் ஈரமில்லாமல் வேகும்.

பைக்கென்று ஆழமில்லாத 12 குழித் தட்டு கிடைக்கும். மஃபின் தட்டு ஆழம் அதிகம். அதில் செய்தால் பூரணம் இரட்டிப்பாகி, இரண்டாவது பை யாருக்கும் இறங்காது. மாவை மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குத் திரட்டுங்கள். 7.5 சென்டிமீட்டர் வட்டமாக 12, மூடிக்கு 6 சென்டிமீட்டரில் 12. வட்ட அச்சு இல்லாவிட்டால் டம்ளர் விளிம்பு போதும். வெட்டும்போது நேராக அழுத்தி நேராக எடுங்கள், திருகாதீர்கள். திருகினால் வட்டம் கோணும். மிஞ்சிய ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கித் திரட்டலாம், ஒருமுறைதான்; அதற்குமேல் விறைத்துவிடும்.

குழிகளில் லேசாக வெண்ணெய் தடவி, பெரிய வட்டங்களை இழுக்காமல் உள்ளே படியவிடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குவித்த தேக்கரண்டி பூரணம், விளிம்புக்கு ஒரு விரல்நுனி கீழேயே நிற்கட்டும். தாராளம் காட்ட வேண்டிய இடம் இதில்லை. கூடுதலாக வைத்தால் சர்க்கரை கொதித்து வெளியே வழிந்து, தட்டோடு பாகாக ஒட்டி, பையை எடுக்கும்போது அடி பிய்ந்துகொண்டு வரும்.

மூடியின் ஓரத்தில் விரலால் தண்ணீர் தொட்டுத் தடவி, கவிழ்த்து வைத்து, சுற்றிலும் மெல்ல அழுத்துங்கள். நடுவில் கத்தி நுனியால் இரண்டு சிறு கீறல், ஆவி போவதற்கு. நட்சத்திர மூடி போடுகிறவர்களுக்கு ஒட்டும் வேலையும் இல்லை, கீறும் வேலையும் இல்லை. புதிதாகச் செய்பவர்களுக்கு நட்சத்திரத்தையே சிபாரிசு செய்வேன். பேஸ்ட்ரியும் குறைவு, பார்க்கவும் லட்சணம். மேலே கொஞ்சம் பால் தடவி உள்ளே தள்ளுங்கள்.

20 நிமிடத்தில் எட்டிப் பாருங்கள். ஓரங்கள் பொன்னிறமாகியிருக்க வேண்டும். வெளிறியிருந்தால் இன்னும் மூன்று நான்கு நிமிடம். எடுத்ததும் தட்டிலேயே ஐந்து நிமிடம் விடுங்கள். அதற்கு முன்னால் தொட்டால் உடையும், ரொம்ப நேரம் விட்டால் வழிந்த சர்க்கரை இறுகிப் பிடித்துக்கொள்ளும். கத்தி நுனியால் நெம்பிக் கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள். சாப்பிட இன்னும் கால்மணி பொறுங்கள். மேலோடு ஆறின மாதிரி இருக்கும்போதே உள்ளே கொழுப்பும் சர்க்கரையும் நாக்கைப் பொசுக்கும் சூட்டில் இருக்கும். குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது பிட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

பொடிச் சர்க்கரை தூவுவது பரிமாறுவதற்குச் சற்று முன்னால். மேலே பிராந்தியும் சர்க்கரையும் குழைத்த வெண்ணெயோ கெட்டிக் கிரீமோ வைத்துக்கொள்வது இங்கத்திய வழக்கம். டிசம்பர் 25 தொடங்கி பண்டிகை நாள்கள் 12இலும் தினம் ஒரு பை சாப்பிட்டால் வரும் வருஷத்தின் 12 மாதமும் நன்றாக இருக்கும் என்றும் சொல்வார்கள். கிறிஸ்துமஸ் முந்தின இரவு சாண்டாவுக்கென்று ஒரு பையும் ஒரு கிளாஸ் ஷெர்ரி ஒயினும், கலைமானுக்கு ஒரு கேரட்டும் வைப்பார்கள். வீட்டில் நாய் இருந்தால் அந்தத் தட்டை எட்டாத உயரத்தில் வையுங்கள். திராட்சையும் கரண்டும் நாய்க்கு விஷம், சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரு பை தின்றாலும் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

மிஞ்சினால்

காற்றுப் புகாத டப்பாவில் நான்கைந்து நாள் இருக்கும். திரும்பச் சூடாக்க 160 டிகிரி ஓவனில் எட்டு நிமிடம். மைக்ரோவேவ் வேண்டாம், மேலோடு தொளதொளத்துப்போய் உள்ளே மட்டும் கொதிக்கும். விருந்தாளிகள் எப்போது வருவார்கள் என்று தெரியாத வீடுகளுக்கு ஒரு நல்ல வழி: பைகளைச் சுடாமலே தட்டோடு உறையவைத்து, இறுகியதும் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃபிரீசரில் அடுக்கிவிடுங்கள். வேண்டியபோது உறைந்தபடியே குழியில் வைத்து, வழக்கத்தைவிட ஐந்து நிமிடம் கூடுதலாகச் சுட்டால் போதும்.

பாட்டிலில் பூரணம் மட்டும் மிஞ்சினால் ஜனவரியில் பேஸ்ட்ரி செய்யும் தெம்பு யாருக்கும் இருக்காது. பிராம்லி ஆப்பிளை முழுதாக வைத்து, நடுத்தண்டைக் குடைந்தெடுத்து, இடுப்பைச் சுற்றித் தோலில் ஒரு கீறல் போட்டு, குழியில் பூரணத்தை அடைத்து, அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி 180 டிகிரியில் 40 நிமிடம் வையுங்கள். கீறல் போட மறந்தால் ஆப்பிள் வெடித்து ஓவன் முழுக்கத் தெறிக்கும்.